தூரம் ஒன்று, நேரம் இரண்டு

கேள்வி: சிட்னி – லாஸ் ஏஞ்சலிஸ் 12,050 கி.மீ. என்கிறார்கள். போகும்போது பதிமூன்றரை மணி நேரம் ஆகிறது, திரும்பும்போது 15 ஆகிறது. அதே தூரம்தானே?

பதில்: தூரம் அதேதான், காற்றுதான் வேறு. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று ஓடுகிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கிறது என்றால், அது சுற்றியுள்ள காற்றில் அதன் வேகம். சராசரியாக 50 கி.மீ. காற்று என்று வையுங்கள். கிழக்கே, அதாவது லாஸ் ஏஞ்சலிஸுக்கு, போகையில் தரைவேகம் 950. 12 மணி 41 நிமிடம். மேற்கே வருகையில் 850. 14 மணி 11 நிமிடம். இரண்டிலும் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்காக 40 நிமிடம் கூட்டினால் டிக்கெட்டில் உள்ள நேரம் ஏறக்குறைய வந்துவிடும்.

போக வரச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்றே இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 13 மணி 23 நிமிடம். போகையில் 42 நிமிடம் லாபம், வருகையில் 48 நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோமே!

கேள்வி: டோக்கியோவிலிருந்து நியூயார்க் போகும் விமானம் அலாஸ்கா பக்கம் ஏறிச் சுற்றிப் போவது ஏன்?

பதில்: சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி. தட்டை வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்துக் காட்டும். ஓர் உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கணக்காகவும் பார்க்கலாம்: 60 டிகிரி வட அட்சத்தில், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்கள். அட்சக்கோட்டிலேயே போனால் சுமார் 10,000 கி.மீ.; வட துருவம் வழியாக 6,670 கி.மீ.தான்.

இணையக் கணிப்பான்கள் தருவது இந்த நூல் தூரத்தைத்தான். உண்மையில் பறப்பது எப்போதும் கொஞ்சம் கூடும். சில சமயம் ரொம்பவே கூடும். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், பத்து மணி நேரத்துக்குள் முடிந்த ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாயிற்று.

கேள்வி: ஜூலையில் காலை 10 மணிக்கு சிட்னியில் கிளம்பினால், அதே நாள் காலை ஆறரைக்கே லாஸ் ஏஞ்சலிஸில் இறக்குவார்களாம். அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். பத்து மணியோடு பதிமூன்றரையைக் கூட்டினால் சிட்னியில் இரவு 11.30. லாஸ் ஏஞ்சலிஸ் 17 மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே காலை 6.30. ஜனவரியில் இதே 17-ஐக் கழித்தால் தப்பு: சிட்னியில் கோடைகால நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) தொடங்கியிருக்கும், லாஸ் ஏஞ்சலிஸில் முடிந்திருக்கும், வித்தியாசம் 19. தேதி போட்டே சரிபாருங்கள்.