எங்கே போகின்றன அந்த இடங்கள்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூவில் மொழிப்பாடம் போக 400-க்கு 312 வாங்கியிருக்கிறாள். அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கேட்டோம், முதல் கலந்தாய்விலேயே முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் அவள்தான். வருஷா வருஷம் இடங்களைக் கூட்டுவதாகச் செய்தி வருகிறதே, எங்கே போகின்றன அந்த இடங்கள்?

கு., திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள கு.,

முதலில் அவசரமானது. அடுத்த சுற்று வரும்வரை சுயநிதிக் கல்லூரி எதிலும் பணம் கட்டிவிடாதீர்கள். வேறு படிப்பு கிடைத்துப் போகிறவர்களின் இடங்கள் திரும்ப வரும், அதற்காகத் தினமும் கல்லூரிக்குப் போய்க் கேட்டாலும் தப்பில்லை.

இனி உங்கள் கேள்வி. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கல்லூரிகளில் படிப்பவர்கள், ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் 47 சதவீதம், நாடு முழுக்க 28 சதவீதம்தான். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்து மாதம் ஆயிரம் ரூபாய் கையில் கிடைக்க ஆரம்பித்தது அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் பெரிய தெம்பு. இத்தனை பிள்ளைகள் படிக்க வருவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நிற்கிறார்கள், அதே வளாகத்தில் கணிதமும் இயற்பியலும் ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன.

2025-இல் அரசுக் கல்லூரிகளில் 20 சதவீதம் இடங்களைக் கூட்டினார்கள். அதாவது 60 பேர் வகுப்பில் 72 பேர். அறையும் பெஞ்சும் அதேதான். உங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்குப் பேசப் போயிருந்தபோது வேதியியல் ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். திரவத்தை அளந்து விடுகிற பியூரெட் ஒன்றைச் சுற்றி நான்கு பெண்கள், ஒருத்தி குழாயைத் திருகுகிறாள், மற்ற மூவரும் அவள் சொல்கிற அளவை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். மூன்று வருஷமும் அந்தக் குழாயைத் தொடாமலே ஒரு பெண் பி.எஸ்ஸி. முடித்துவிட முடியும்.

அங்கே பாடம் நடத்துகிறவர்களில் பாதிக்கு மேல் கௌரவ விரிவுரையாளர்கள், நிரந்தர வேலை இல்லாதவர்கள். 2025 நிலவரப்படி சம்பளம் 25,000 ரூபாய், மே மாதம் அதுவும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அன்று என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவர் முனைவர் பட்டம் வாங்கியவர், பன்னிரண்டு வருஷமாக அங்கே இருப்பவர். மேயில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மச்சான் கடையில் நிற்பேன் சார் என்றார். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இடத்தைக் கூட்ட ஒரு அரசாணை போதும், ஆசிரியரைக் கொண்டுவர வருஷக்கணக்காகிறது. இடங்கள் கூடின என்று செய்தி வந்தால், கூடவே எத்தனை நிரந்தரப் பணியிடம் என்றுதான் நான் தேடுகிறேன், அநேகமாக அந்த வரி இருப்பதில்லை.

இரண்டாம் ஷிஃப்ட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் அது முடிய சாயங்காலம் ஆகிவிடும், உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள். சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். வகுப்பில் எத்தனை பேர், துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று மகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.