உங்கள் லாப்ரடாரின் சர்க்கரை 38, தட்டணுக்கள் குறைவு: இரத்தம் பஸ்ஸில் போன விதத்தையும் பாருங்கள்

சாயங்காலம் எடுத்த இரத்தத்தை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஐஸ் டப்பாவில் லேபுக்குப் பஸ் ஏற்றினீர்கள். நாயோ நன்றாகச் சாப்பிட்டு ஓடுகிறது என்கிறீர்கள். சர்க்கரை நிஜமாகவே 38 என்றால் பெரும்பாலும் துவண்டிருக்கும்.

சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை, பிரிக்காமல் வைத்தால் குழாய்க்குள்ளேயே அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். குளிர் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் நேரம் ஆக ஆகத் திரண்டு கட்டியாகும், மெஷின் அவற்றைக் குறைத்து எண்ணிவிடும். கண்ணாடி வில்லையில் பூசிய இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள்.

சீரம் இளஞ்சிவப்பாக இருந்ததாமே? குழாய் ஐஸைத் தொட்டு உறைந்து, சிவப்பணுக்கள் உடைந்திருக்கலாம். நானும் ஒருமுறை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குழாயைச் செருகி அனுப்பி, திரும்பவும் ஊசி போட வைத்தேன். பாவம், என் நாய்!

அடுத்த முறை சீரத்தை அரை மணி, ஒரு மணி நேரத்தில் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு, அணுக்கள் அதைத் தின்பதைத் தடுக்கும் மருந்து உள்ள சாம்பல் மூடிக் குழாய். வில்லையை அங்கேயே பூசி உலர்த்தி, ஃப்ரிட்ஜில் வைக்காமல் தனியாக அனுப்புங்கள். குழாயை நியூஸ்பேப்பரில் சுற்றுங்கள், ஐஸ் பேக் நேராகப் படக்கூடாது. அப்புறம், நடுவில் நாய் தள்ளாடினால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.