வாரத்தில் மூன்று நாள் வரும் குழந்தைக்கு எவ்வளவு வாங்குவது?

கேள்வி: வேளச்சேரியில் என் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். உதவிக்கு ஓர் அக்கா வருகிறார். எட்டுக் குழந்தைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஐந்து பேர் தினமும் வருகிறார்கள். மாதம் 9,000 ரூபாய். மற்ற மூவர் செவ்வாய், புதன், வியாழன் மட்டும். நாள் கணக்குப் பார்த்து 5,400 வாங்குகிறேன். அந்த மூவரில் ஒரு குழந்தையின் தாய் எதிர்வீட்டுப் பெண். ‘அக்கா, இன்றைக்கு மட்டும் விடட்டுமா?’ என்று வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செய்தி அனுப்புவாள். தன் மகனின் தூளியில் அந்தக் குழந்தை தூங்கியதைப் பார்த்து, தினமும் வரும் குழந்தையின் தாய் ஒருத்தி முகம் சுளித்தாள். இப்போது ஐந்து நாளும் விட ஒரு புதுக் குடும்பம் கேட்கிறது. எதிர்வீட்டுக் குழந்தையை நிறுத்திவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்துவதற்கு முன் உங்கள் கணக்கைப் பாருங்கள். திங்களும் வெள்ளியும் மூன்று பாய்கள் சுருட்டியபடியே கிடக்கின்றன. ஒரு பாய்க்கு 3,600 வீதம் மாதம் 10,800 ரூபாய் போகிறது. இதற்கு எதிர்வீட்டுப் பெண் என்ன செய்வாள்? அலுவலகம் அவளை வரச் சொல்லும் நாட்கள் செவ்வாய், புதன், வியாழன்தான். பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகும் பலருக்கும் வாரத்தின் நடுநாட்கள்தான் வேண்டும். எனவே இரண்டு பகுதிநேரக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு முழு இடமாக்கிவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள்.

நீங்கள் விற்பது நாளை அல்ல, இடத்தை. பறக்கும் ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை ஏறவில்லை என்று காசைத் திருப்பிக் கேட்பதில்லையே. மூன்று நாளுக்கு 7,500 கேளுங்கள். திங்கள், வெள்ளி மட்டும் வேண்டும் என்று யாராவது வந்தால் அவர்களுக்குக் குறைத்தே கொடுக்கலாம். காலியாகக் கிடக்கும் பாய்தானே. கூடுதல் நாள் வேண்டுமென்றால் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும், இடம் இருந்தால் மட்டுமே, அதற்குத் தனிக் கட்டணம். மழைக்காலத்தில் அவர்களாக வராவிட்டால் கழிவு கிடையாது. தெருவில் தண்ணீர் நின்று நீங்களே கதவைச் சாத்தினால் அந்த நாளைக் கழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

தூளி விஷயத்தில் நான் அந்தத் தாயின் பக்கம். என் மகனை நங்கநல்லூரில் ஒரு மாமியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான். என்னுடைய பழைய பருத்திப் புடவையில்தான் அவன் தூங்குவான். மாமி ஒருநாள் அதைத் துவைத்துவிட்டு வேறு புடவை கட்டியதற்கு இரண்டு மணி நேரம் ஊரைக் கூட்டிவிட்டான். கொக்கி பொதுவாக இருக்கட்டும். புடவை அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். இன்னொன்று: நான்கு நாள் இடைவெளிக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை வரும் குழந்தை பதினொரு மணி வரை உங்கள் இடுப்பைவிட்டு இறங்காது. அந்த நேரத்தில் மடி கிடைக்காமல் நிற்பது தினமும் வரும் குழந்தைதான். உதவிக்கு வரும் அக்காவைச் செவ்வாய் காலை மட்டும் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

புதுக் குடும்பத்துக்கு எப்போது இடம் வேண்டும் என்று கேட்டீர்களா? பேறுகாலச் சட்டத்தை 2017-இல் திருத்தியதிலிருந்து, இரண்டு குழந்தைகள் வரை 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் உங்களிடம் வரும். முன்பணம் வாங்கிக்கொண்டு தேதி குறித்துவிடலாம். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. காப்பகக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரும் நிறுவனங்களும் உண்டு. ரசீது கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அப்படிப் பங்கு கிடைத்தால், மூன்று நாள் விடுபவர்களுக்கு 7,500 என்பது அவ்வளவு கனமாகத் தெரியாது.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதை வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். மாலையில் குழந்தையை அழைத்துப்போக வரும்போது உட்காரவைத்து, காபி கொடுத்து, ஐந்து நாள் இடம் வேண்டுமா என்று முதலில் அவளிடமே கேளுங்கள். யோசிக்க ஒரு மாதம் கொடுங்கள். ஏழு மணிச் செய்திகளைப் பார்த்தால், அவளுக்கு வெள்ளிக்கிழமையும் வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.