காட்ஜில்லாவும் நம்ம டேமும்

கடிதம்:
வணக்கம் அண்ணா. கூடலூர் பக்கம் ஒரு காலேஜ்ல பொலிட்டிக்கல் சயின்ஸ் எடுக்குறேன். இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் பேப்பர்னாலே பசங்களுக்குத் தூக்கம் வந்துடுது, அதான் படம் போட்டு நடத்துறேன். ஸ்டாஃப் ரூம்ல "கிளாஸ தியேட்டர் ஆக்கிட்டீங்களே"ங்கிறாங்க. பசங்களுக்கும் சண்டை சீன்தான் நெனப்புல நிக்குது. நான் செய்றது சரியா?

பதில்:
தம்பி, விட்றாதீங்க. ஆனா முழுப் படத்தையும் ஓட்டிட்டு பெல் அடிச்சதும் அனுப்பிட்டா ஸ்டாஃப் ரூம்ல சொல்றது நெசமாயிடும்.

காட்ஜில்லாவ எடுத்துக்கங்க. 1954 மார்ச் 1 அன்னைக்கு பிகினி தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடிச்சுப் பாத்துச்சு, கணக்குப் போட்டதவிட ரெண்டரை மடங்கு பெருசா வெடிச்சு, சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு ஜப்பான் படகு மேல சாம்பலாக் கொட்டுச்சு, அதுல 23 பேரு, செப்டம்பர்ல ஒருத்தர் செத்தே போயிட்டார். நவம்பர்ல காட்ஜில்லா ரிலீஸ். குண்டு வெடிச்சதுல கடலுக்கடியில இருந்து கெளம்பி வர்ற மிருகம், அத ஜப்பான்காரங்க என்ன மனசோட பாத்திருப்பாங்க! அதே படத்த 1956ல அமெரிக்கால வெட்டி ஒட்டி, நடுவுல ஒரு அமெரிக்க ரிப்போர்ட்டர நுழைச்சாங்க, குண்டு பத்தின பேச்சு நெறைய காணோம். ரெண்டுலயும் பத்துப் பத்து நிமிஷம் போட்டு, எது காணாமப் போச்சுன்னு பசங்களையே தேடச் சொல்லுங்க.

அப்புறம் நம்ம ஊருக்கு வாங்க. 2011ல டேம் உடையிற கதையா 'டேம் 999'னு ஒரு படம் வந்து, தமிழ்நாட்டுல தடை போட்டாங்களே, அடுத்த மாசமே முல்லைப் பெரியாறு டேம் சண்டைல குமுளி ரோட்டுல என்ன பாடு! கேரளாவுல டேம் உடைஞ்சிடுமோன்னு உயிர்ப் பயம், இங்க வயலுக்குத் தண்ணி, ரெண்டும் ஒரே டேம்தான். 2014ல சுப்ரீம் கோர்ட் தண்ணிய 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொல்லுச்சு, பிடிக்குதோ இல்லையோ ரெண்டு ஸ்டேட்டுக்கும் மேல கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. ஜப்பானுக்கு யாரு இருந்தா? ஹேக்ல உலகக் கோர்ட் இருக்கு, ஆனா ரெண்டு நாடும் சம்மதிச்சாத்தான் கேஸையே எடுக்கும். 1955 ஜனவரில அமெரிக்கா 20 லட்சம் டாலர் குடுத்துச்சு, சட்டப்படி எங்க பொறுப்புன்னு ஒத்துக்காமலே. புத்தகத்துல அனார்க்கின்னு வரும்ல, பசங்க அத கலவரம்னு எழுதுவாங்க, மேல கேக்க ஆள் இல்லங்கிறதுதான் அது, இப்படிச் சொன்னா மறக்காது.

2011 டிசம்பர்ல அந்தச் சண்டையால கேரளா ஏலத்தோட்டத்துல இருந்து பாதி வேலைல திரும்பி வந்த அம்மாக்களோட பிள்ளைங்க உங்க கிளாஸ்லயே இருப்பாங்க. வீட்ல கேட்டுட்டு வரச் சொல்லுங்க, படம் அதுக்கப்புறம் போடலாம்.

அன்புடன்,
கம்பத்துல இருந்து அண்ணன்