அப்பாவின் கணினியில் விண்டோஸ் மேம்படுத்தல் பாதியில் நின்றுவிட்டது. தொலைவில் இருந்தபடி நான் எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அப்பாவின் மடிக்கணினியில் விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறும் வேலை பாதியில் நின்றுவிட்டது, இப்போது நீலத்திரை ஒன்று ஏதோ நீளமான எண் கேட்கிறது, உடனே கிளம்பிப் போகும் நிலையில் நீங்கள் இல்லை. எனக்கு முன் பதில் எழுதிய இருவருமே 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் மனம் பதறித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து எதையும் அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். அந்த வட்டில் என்ன இருக்கிறது என்பது அப்பாவுக்குத்தான் தெரியும், அறிவுரை சொல்கிறவர்களுக்குத் தெரியாது.

என் அத்தைக்கு இதே நிலை வந்தது. அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்காகத் தாமே உருவாக்கிய கணக்குகளைப் பழைய நோட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து அந்த மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தார். வேறெங்கும் பிரதி கிடையாது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடியவிருந்ததால், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை 11க்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் வசதி), குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம் என்று கேட்கப்படும் தகுதிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்தேன், இருந்தன. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கவில்லை, கோப்புகளுக்குப் பிரதி எடுக்கவும் சொல்லவில்லை. 'பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போங்கள் அத்தை, காலையில் எல்லாம் முடிந்திருக்கும்' என்று சொல்லிவிட்டு நான் தூங்கப் போனேன்.

அத்தை தூங்கவில்லை. கணினி இரண்டு முறை தானாக அணைந்து எழுந்தது, பிறகு 61 விழுக்காட்டில் நின்றது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த எண் நகரவே இல்லை. நள்ளிரவில் என்னை எழுப்ப மனமில்லாமல், எப்போதோ அச்சு இயந்திரம் மக்கர் செய்தபோது நான் சொல்லிக் கொடுத்ததை நினைவுகூர்ந்து, அணைக்கும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்திருக்கிறார். மறுபடி இயக்கியபோது, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகத் திரை சொன்னது. அதுவும் நெடுநேரம் அசையாமல் இருக்கவே மறுபடியும் அணைத்திருக்கிறார். மூன்றாவது முறை வந்ததுதான் உங்கள் அப்பா இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நீலத்திரை. காலை ஆறு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. 'மெஷினைக் கெடுத்துட்டேன்டா கண்ணா' என்றார். நான் சொன்னதைத்தான் அவர் செய்திருந்தார், ஆனால் குற்றவாளிபோலப் பேசினார். முதல் பத்து நிமிடம் நான் கணினியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உங்கள் அப்பாவிடமும் முதலில் இதைத்தான் சொல்லுங்கள்: எதுவும் கெட்டுப்போகவில்லை, அது ஒரு பூட்டு, சாவி எங்கோ இருக்கிறது.

அந்தத் திரை கேட்பது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதிக்கான மீட்புத் திறவுகோல், அதாவது ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக மொத்தம் 48 இலக்கங்கள். பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைக் கொண்டு உள்நுழைந்ததுமே வட்டு தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டு, திறவுகோல் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுவிடுகிறது. சொந்தக்காரருக்கே அது தெரியாமல் இருக்கும். தொடங்கும் முறையில் வழக்கத்துக்கு மாறான எதையேனும் கண்டால் டிபிஎம் சில்லு வட்டைத் திறந்துவிட மறுக்கும், அப்போதுதான் திரை நம்மிடம் எண் கேட்கிறது. அந்த மடிக்கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவர் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. முதியவர்களுக்குக் கணினி அமைத்துத் தருகிறவர்கள் பலரும் 'இவர்களுக்குச் சொன்னால் புரியாது' என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. அத்தைக்குப் புரியாத எண் என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

கணக்கு மாமாவின் பெயரில் இருந்தது. மாமா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் என் கணினியிலிருந்து அந்தக் கணக்கில் நுழைய முயன்றபோது, சரிபார்ப்புக் குறியீட்டை அவருடைய கைப்பேசி எண்ணுக்கு அனுப்புவதாகச் சொன்னது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்த நம்பரை நான் விடலை' என்றார். பொத்தான் வைத்த பழைய கைப்பேசியில் அந்த எண்ணை அவர் இன்னும் உயிரோடு வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. குறுஞ்செய்தி வந்தது, அவர் வாசித்தார், நான் உள்ளே போனேன்.

அங்கே இரண்டு திறவுகோல்கள் இருந்தன. எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. நீலத்திரையிலேயே திறவுகோலின் அடையாளக் குறியீடு ஒன்று காட்டப்படும், அதன் முதல் எட்டு எழுத்துகளைக் கணக்கில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் உரியது எது என்று தெரிந்துவிடும். அந்த எட்டு எழுத்துகளை அத்தை வாசித்த முறையை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நிறுத்தி, நான் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனார்.

பிறகு நான் 48 இலக்கங்களையும் சொல்ல, அவர் தாளில் எழுதிக்கொண்டார். இந்தத் திறவுகோலில் ஆறு இலக்கத் தொகுதி ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைந்திருக்கும் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அத்தை உடனே 'இரு' என்றார். ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களைத் தனியாகவும் இரட்டை இடங்களில் உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, வித்தியாசம் 0 ஆகவோ 11இன் மடங்காகவோ வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். உண்மையான திறவுகோலை இங்கே எழுத முடியாது, எடுத்துக்காட்டுக்கு ஒன்று சொல்கிறேன்: 284713 என்பதில் 2, 4, 1 சேர்ந்து 7; 8, 7, 3 சேர்ந்து 18; வித்தியாசம் 11, எனவே எண் சரி. நடுவில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி 287413 என்று எழுதப்பட்டிருந்தால் 10, 15 என்று வந்து வித்தியாசம் 5 ஆகிவிடும், தவறு தெரிந்துவிடும். அத்தையின் தாளில் ஐந்தாவது தொகுதி அப்படித்தான் மாறியிருந்தது. விசைப்பலகையைத் தொடும் முன்பே அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அதற்குப் பிறகு அவர் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது.

எண்ணை உள்ளிட்டதும் பழுதுபார்ப்புத் திரை வந்தது. இங்கேதான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 'டிரபிள்ஷூட்' என்பதற்குள் போனால், 'ரீசெட் திஸ் பிசி' என்ற பெரிய கட்டமும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற கட்டமும் அடுத்தடுத்து நிற்கும். முதலாவதைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டத்தில் உங்களால் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க முடியாது, ஏனென்றால் குயிக் அசிஸ்ட் போன்ற கருவிகள் விண்டோஸ் முழுதாக எழுந்த பிறகுதான் வேலை செய்யும். ஆகவே அப்பாவின் கைப்பேசிதான் உங்கள் கண். அத்தை இரண்டு தடித்த அகராதிகளுக்கு நடுவே கைப்பேசியைச் செருகி, பின்பக்கக் கேமரா திரையைப் பார்க்கும்படி நிறுத்தினார். அறை விளக்கை அணைத்ததும் கண்கூச்சம் போய் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தினால் அப்பாவால் ஒரே நேரத்தில் உங்களையும் கணினியையும் பார்க்க முடியாமல் தவிப்பார்.

எதையும் பழுதுபார்க்கும் முன் கோப்புகளை வெளியே எடுத்தோம். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்ற கட்டளைச் சாளரத்தைத் திறக்கும்போது அதே 48 இலக்கங்களை இன்னொரு முறை கேட்டது, அத்தை அலுத்துக்கொள்ளவில்லை. கறுப்புச் சாளரத்தில் 'நோட்பேட்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னேன். நோட்பேடின் கோப்புத் திறக்கும் பெட்டியில் எல்லா வகைக் கோப்புகளும் தெரியும்படி மாற்றிக்கொண்டால், அது ஒரு சிறிய கோப்பு மேலாளர்போலவே பயன்படும்: கோப்புறையின் மீது வலப்பக்கச் சொடுக்கு செய்து நகலெடுத்து, செருகியிருக்கும் பென்டிரைவில் ஒட்டலாம். வட்டுகளைக் குறிக்கும் சி, டி போன்ற வழக்கமான இயக்கக எழுத்துகள் இங்கே மாறியிருக்கக்கூடும், எனவே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தேட வேண்டும். நகல் எடுக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை எதுவும் வராது, பெட்டி உறைந்ததுபோல நிற்கும், அதை அத்தை மறுபடியும் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் முன்பே சொல்லிவைத்தேன். கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி கட்டளையில் ஒரே வரியில் முடித்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். முடித்திருக்கலாம். ஆனால் சாய்கோடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தொலைபேசியில் விளக்கி, ஓர் எழுத்துத் தவறினால் என்ன ஆகுமோ என்று இருவரும் பயப்படுவதைவிட, கண்ணால் பார்த்துச் செய்யும் வழி அத்தைக்கு நிம்மதியாக இருந்தது. கணக்குகள் இருந்த கோப்புறை பென்டிரைவில் தெரிந்தபோது, அதைத் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையை அவரே எண்ணிச் சரிபார்த்தார்.

பிறகு வெளியே வந்து 'கன்டினியூ' அழுத்தச் சொன்னேன். இரவில் இரண்டாம் முறை அணைத்ததால் நின்றுபோயிருந்த, மாற்றங்களைத் திரும்பப் பெறும் வேலை தானாகவே மறுபடி தொடங்கியது. இந்த முறை விழுக்காட்டைப் பார்க்காமல் வட்டின் சிறு விளக்கைப் பார்க்கச் சொன்னேன். அது மினுக்கிக்கொண்டிருக்கும்வரை எண் நகராவிட்டாலும் வேலை நடந்துகொண்டிருக்கலாம், அணைக்கும் பொத்தானுக்குப் போகக் கூடாது. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் பழைய விண்டோஸ் 10 எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து வந்தது. உங்கள் அப்பாவுடையது இப்படி எழாவிட்டால், அதே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', அதற்கடுத்து 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்ற வரிசையில் முயலுங்கள். கோப்புகள் வெளியே வந்துவிட்ட பிறகு இவற்றைப் பதற்றமில்லாமல் செய்யலாம்.

இப்போதுதான் குயிக் அசிஸ்ட் பயன்பட்டது. உதவுகிற நான் என் கணக்கில் நுழைந்து பெற்ற ஆறு எழுத்துக் குறியீட்டை அத்தை தம் பக்கம் உள்ளிட்டார். குறியீடு பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், அவர் கணினியின் முன் உட்கார்ந்த பிறகே அதை உருவாக்குங்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது, தோல்விக்கான பிழைக் குறியீட்டில் 1900101 என்ற எண் இருந்தது. பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் (கருவிகளும் சில மென்பொருள்களும் இயங்குதளத்தோடு பேச உதவும் சிறு நிரல்) புதிய இயங்குதளத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கான அடையாளம் அது. சந்தா முடிந்து நெடுநாளாகியும் நீக்கப்படாமல் கிடந்த ஒரு நச்சுநிரல் தடுப்பான்தான் எங்களுக்குக் காரணம். அதை நீக்கினோம், அச்சு இயந்திரத்தையும் மற்ற யூஎஸ்பி கருவிகளையும் கழற்றினோம், குறியாக்கப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தோம், அடுத்த விடுமுறை நாளில் பகல் வெளிச்சத்தில், நான் அழைப்பிலேயே இருக்க, மறுபடியும் மேம்படுத்தலைத் தொடங்கினோம். ஒவ்வொரு முறை கணினி அணைந்து எழும்போதும் குயிக் அசிஸ்ட் அறுந்துவிடும் என்பதால் அகராதிகளுக்கு நடுவே கைப்பேசி மறுபடி நின்றது. மதியத்துக்குள் விண்டோஸ் 11 வந்துவிட்டது. பழைய இயங்குதளத்துக்குத் திரும்பும் வசதி 10 நாள் மட்டுமே இருக்கும், அதுவரை இடம் போதவில்லை என்று எதையும் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

திறவுகோலைத் தாளில் எழுதி வைப்பது பாதுகாப்பா என்று யாராவது கேட்டால், மடிக்கணினிப் பைக்குள் வைக்காதவரை பாதுகாப்புதான் என்பது என் கருத்து. அத்தை அதைத் தம் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, எட்டுத் தொகுதிகளுக்கும் எதிரே 11ஆல் வகுத்த ஈவையும் எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் அப்பாவிடம் இன்றிரவு இரண்டே இரண்டு விஷயங்கள் கேளுங்கள்: நீலத்திரையில் உள்ள அடையாளக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகள் என்ன, அந்தக் கணினியை முதலில் அமைத்தபோது யாருடைய மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் கொடுக்கப்பட்டன. இரண்டும் தெரிந்த பிறகு கணினியை அணைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். அந்தத் திரையில் நிற்கும்போது அணைப்பதால் எந்தக் கேடும் இல்லை. மற்றதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.