லந்து மன்னன் டான் ரிக்கிள்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டான் ரிக்கிள்ஸ் என்ற அமெரிக்க காமெடியனின் பழைய வீடியோக்கள் பார்த்தேன். முன்வரிசையில் இருப்பவரை மூஞ்சிக்கு நேரே வாருகிறார், அவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இந்த மனுஷன் எப்படி அடி வாங்காமல் தப்பித்தார்?
கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, நம்ம ஊரில் இதற்குப் பெயர் லந்து. சிம்மக்கல்லில் நான் தினமும் டீ குடிக்கிற கடையில், போன மாதம் ஒரு கவுன்சிலர் வந்து நின்றார். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "வாங்கண்ணே, நீங்க போட்ட ரோட்டுல பால் கேன் ரெண்டு தடவ கவுந்துருச்சு, டீயில பால் கம்மியா இருந்தா என்னையக் கேக்காதீக" என்றார். கடையே சிரித்தது, கவுன்சிலரும் சேர்ந்து சிரித்தார்.

ரிக்கிள்ஸ் செய்ததும் அதைத்தான். 1926-ல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்துவிட்டு முறையாக நடிப்புப் படித்தார், ஆனால் பிழைப்பு என்னவோ சின்னச் சின்ன கிளப்புகளில்தான். தயார் பண்ணி வைத்த ஜோக்கைவிட, குறுக்கே கத்துகிறவனுக்கு இவர் கொடுத்த பதிலடிக்குத்தான் கூட்டம் அதிகம் சிரித்தது, சரி, இதுதான் நம்ம சரக்கு என்று பிடித்துக்கொண்டார். 1957-ல் மயாமி பீச்சில் இவர் மேடையில் இருக்கும்போது பாடகர் பிராங்க் சினாட்ரா உள்ளே வருகிறார். கோபம் வந்தால் கை நீட்டிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். "வாங்க பிராங்க், நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க, யாரையாவது ஒரு அறை விடுங்க" என்றார் ரிக்கிள்ஸ். சினாட்ரா சிரித்துவிட்டார்! அதோடு விடாமல் மற்ற நட்சத்திரங்களையும் கூட்டிவந்து இவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வைத்தார். 1959-ல் லாஸ் வேகாஸ் வாசல் திறந்தது, அப்புறம் டிவி.

அந்தக் கூட்டத்திலேயே பெரிய ஆள் யாரோ, அவரையே வாரினார் பாருங்கள் ரிக்கிள்ஸ், அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

கேள்வி: இப்போது யூடியூப்பில் 'ரோஸ்ட்' என்று கிழிக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
வாசகர், மேலூர்

பதில்: இல்லை. ரிக்கிள்ஸ் எதிரில் இருக்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேசினார், நிகழ்ச்சி முடியும்போது யாரையும் நோகடிக்கும் எண்ணம் இல்லை என்று மனசுவிட்டுச் சொல்லவும் செய்தார். அறைக்குள் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் வீடியோவைக் கிழிப்பதில் அந்த நேர்மை எங்கே இருக்கிறது? அதே நேரம், இனத்தையும் நிறத்தையும் வைத்து ரிக்கிள்ஸ் அடித்த ஜோக்குகளை இன்றைக்கு என்னால் ரசிக்க முடியவில்லை. தன் யூத இனத்தையும் சேர்த்துத்தான் கிண்டலடித்தார், இருந்தாலும் சாதிப்பெயர் சொல்லி வாருகிறவனை நம்ம ஊரில் பார்த்தவனுக்கு அது உறுத்தத்தான் செய்யும். மேடைக்கு வெளியே அவருடைய உயிர் நண்பர், அதிர்ந்தே பேசாத காமெடியன் பாப் நியூஹார்ட். இரண்டு குடும்பமும் சேர்ந்தே ஊர் சுற்றின.

கேள்வி: நடிகராக அவரை எதில் பார்க்கலாம்?
வாசகி, திருநகர்

பதில்: 1958-லேயே ஹாலிவுட் நட்சத்திரம் கிளார்க் கேபிளோடு நடித்துவிட்டார், 1995-ல் 'கேசினோ' படத்தில் சூதாட்ட விடுதி மேனேஜர். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரை ஏற்கெனவே தெரியும் அம்மா: 'டாய் ஸ்டோரி'யில் எந்நேரமும் சிடுசிடுக்கும் உருளைக்கிழங்கு பொம்மைக்குக் குரல் அவர்தான். நான்காம் பாகத்துக்குக் குரல் பதிவு செய்யும் முன்பே, 2017 ஏப்ரலில், 90 வயதில் காலமாகிவிட்டார். வேறு ஆளைத் தேடாமல், முன்பு அவர் பேசிவைத்திருந்த பழைய பதிவுகளிலிருந்தே எடுத்துக் கோத்தார்கள்.