துண்டு போட்டு வைத்த இடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் முதலில் அமர்ந்த மூன்று பெண்கள் நான்சி ஆஸ்டர், மார்கரெட் வின்ட்ரிங்ஹாம், மேபல் ஃபிலிப்சன். மூவரும் கணவரின் தொகுதியில் நின்றே வந்திருக்கிறார்கள். குடும்பச் சொத்து கைமாறியது என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? அவர்களுடைய உழைப்பு என்று எதைச் சொல்வது?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

கணவர் தொகுதி என்பது உண்மைதான். ஆனால் கட்சிகள் அந்தப் பெண்களை ஏன் நம்பின என்று கேட்டால் 1883-க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டின் தேர்தல் முறைகேடு தடைச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. கூலிக்கு ஆள் பிடித்து வாக்குக் கேட்கக் கூடாது. வாக்காளரை அழைத்துவர வாடகை வண்டி வைக்கக் கூடாது. ஆகவே சம்பளமில்லாத ஆட்களும் இரவல் வண்டிகளும் தேவைப்பட்டன. இரண்டும் அரசியல் குடும்பங்களில் இருந்தன. தங்களுக்கே ஓட்டு இல்லாத பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1885-இல் ராண்டால்ஃப் சர்ச்சில் இந்தியாவுக்கான மந்திரியானார். பதவி ஏற்றவர் மறுபடி தொகுதியில் நின்று ஜெயிக்கவேண்டும் என்பது அன்றைய விதி. வுட்ஸ்டாக்கில் அவருக்காக வீடு வீடாகப் போனவர் மனைவி ஜென்னி. பழமைவாதிகளுக்கு பிரிம்ரோஸ் லீக், லிபரல்களுக்கு 1887-இல் உருவான பெண்கள் கூட்டமைப்பு என்று இந்த உழைப்புக்கு அமைப்புகளும் வந்தன.

அன்று வேலை வாக்காளர் பட்டியலில் தொடங்கும். வாடகை அறையில் இருப்பவர் ஆண்டுதோறும் விண்ணப்பித்தால்தான் பெயர் நிற்கும். வீடு மாறியவரின் பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கும். அவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நம்மவர், எதிரணி, சந்தேகம் என்று குறிக்கவேண்டும். சறுக்குவது இங்கேதான். பெரிய வீட்டு அம்மாள் வாசலில் வந்து கேட்டால் எந்தக் குடியானவன் முகத்துக்கு நேரே இல்லை என்பான்? 1872 முதல் வாக்கு ரகசியம், சொன்னபடி போட்டானா என்று பார்க்கவும் வழியில்லை. ஒவ்வொரு தலையாட்டலையும் நம் கணக்கில் எழுதினால், தேர்தலன்று எதிரணி ஓட்டை நம் வண்டியிலேயே ஏற்றிவந்து இறக்குவோம். தேறிய பெண்கள் தயங்கிய ஆமாவைச் சந்தேகத்தில்தான் எழுதினார்கள்.

வாக்குப்பதிவன்று சாவடி வாசலில் ஒருவர் நின்று வாக்களித்தவர்களின் எண்ணைக் கேட்டுக் குறிப்பார். அந்தச் சீட்டு கட்சி அறைக்குப் போகும், பட்டியலில் பெயர் அடிபடும், மிச்சமிருப்பவர் வீட்டுக்கு ஆள் போகும். மாலையில் ஒருமணி நேரம் இது தடைப்பட்டால் சிறு தொகுதி கைவிட்டுப் போகும்.

இனி உங்கள் மூவர். 1919-இல் மாமனார் இறந்து, அவருடைய பிரபு பட்டம் கைக்கு வந்து, கணவர் பிரபுக்கள் சபைக்குப் போக நேர்ந்ததால் பிளிமத்தில் நின்றவர் ஆஸ்டர். வந்த வழி குடும்ப வழிதான். ஆனால் 1945 வரை அதே தொகுதியைத் தக்கவைத்தார். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1923 சட்டம் அவர் கொண்டுவந்தது. வின்ட்ரிங்ஹாம் 1921-இல் கணவர் இறந்த துக்கத்தில் மேடையில் பேசாமலே ஜெயித்தார். ஃபிலிப்சன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கணவரின் தேர்தல் ஏஜென்ட் செலவு வரம்பை மீறியதால் அவருடைய வெற்றி செல்லாமல் போனது. 1923 இடைத்தேர்தலில் மேபல் நின்றார், அதுவும் கணவரின் தேசிய லிபரல் கட்சியில் அல்ல, பழமைவாதக் கட்சியில்.

நீங்கள் சொல்லும் துண்டு போட்டு வைத்த இடமும் உண்டு. பிஷப் ஆக்லண்டின் லேபர் வேட்பாளராக ஏற்கெனவே தேர்வாகியிருந்த ஹியூ டால்டன் அப்போது பெக்கம் உறுப்பினர். பிஷப் ஆக்லண்டில் திடீரென இடைத்தேர்தல் வந்தது. அவர் நிற்கவேண்டுமானால் பெக்கமை விடவேண்டும், அங்கும் ஒரு இடைத்தேர்தல் வரும். ஆகவே மனைவி ரூத் 1929 பிப்ரவரியில் நின்று ஜெயித்து, சில மாதங்களில் பொதுத்தேர்தலில் அவருக்கு வழிவிட்டார். ஹில்டா ரன்சிமன் 1928-இல் செயின்ட் ஐவ்ஸை இப்படியே கணவருக்காகப் பிடித்தார். ஆனால் அடுத்த ஆண்டு டாவிஸ்டாக்கில் தனக்காக நின்றபோது தோற்றார்.

பெயர் கதவைத் திறக்கும், ஓட்டுக்கு உத்தரவாதமில்லை. பிரதமர் ஆஸ்க்வித்தின் மகள் வயலட் போனம் கார்ட்டர் லிபரல் கட்சி அமைப்பின் தலைவராகவே இருந்தவர். 1951-இல் கோல்ன் வேலியில் வின்ஸ்டன் சர்ச்சிலே வந்து பேசியும் தோற்றார். இன்னொரு பிரதமரான லாயிட் ஜார்ஜின் மகள் மேகன் 1929 முதல் 1951 வரை ஆங்கிள்சியின் லிபரல் உறுப்பினர். அண்ணன் க்விலிம் பழமைவாதிகள் பக்கம் சாய்ந்து உள்துறை மந்திரியானார்; தங்கை 1955-இல் லேபரில் சேர்ந்தார். 1957-இல் கார்மார்தன் இடைத்தேர்தலில், தகப்பனார் கட்சியிடமிருந்தே அந்தத் தொகுதியைப் பறித்தார். அது யாரும் கைமாற்றிக் கொடுத்த சொத்து அல்ல.